இடப்பக்கத்து மணல்

இசக்கி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இடுக்கியில் பிடித்தேன். முதல் டிரான்சிஸ்டரின் தலையில் வைத்தேன். அவள் ஒரு விரலைத் தூக்கினாள். இரைச்சல் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது. அதே ஒரு விரல்.

மூன்றாவதில் பஞ்சு பட்டதும் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லத் தாழ்த்தினாள். தூங்குகிற பிள்ளையின் முதுகில் கை வைப்பதுபோல. இரைச்சல் அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"போச்சு" என்றாள். முகத்தில் மாஸ்க். கண் மட்டும் சிரித்தது. என் பெண்டாட்டி சிரித்துச் சில மாதம் ஆகியிருந்தது.

ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் அடங்கவில்லை. இடப்பக்கம் அப்படியே கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் கையைத் தாழ்த்தினேன்.

இந்த வாரம் அந்தக் கையைப் பற்றித்தான் எழுத வேண்டும். இந்தப் பத்திரிகையில் தொடர் ஆரம்பித்ததிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுதாமல் விட்டால் மற்ற வாரங்களில் எழுதியதற்கும் அர்த்தம் இல்லை.

ரிசீவர் என்றால்

சான்பாடாவிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். "அண்ணாச்சி, வாரா வாரம் ரிசீவரு ரிசீவருன்னு எழுதுதீய. அது என்ன, போன் ரிசீவரா?" என்றார். கேட்டது நியாயம்தான்.

ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருந்தால் ரிசீவர். ரெக்கார்டு பிளேயரையும் அதிலேயே மாட்டலாம். இடப்பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர், வலப்பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர். நான் பார்ப்பதெல்லாம் ஐம்பது வருஷப் பழசு. ஜப்பான் பெட்டிகள். வெள்ளி முகம், மரக் கூடு, உள்ளே பச்சை வெளிச்சம். தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

கப்பல் வேலைக்காரர்களும் கல்ஃப்புக்குப் போனவர்களும் கொண்டுவந்தவை. அப்பா செத்ததும் பிள்ளைகள் பழைய சாமான் வாங்கும் பங்கார்க்காரனிடம் எடைக்குப் போடுவார்கள். செம்பூரிலிருந்து வேறு வீட்டுப் பிள்ளைகள் வந்து அதே பங்காரில் தேடி வாங்குவார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் தாராவியில் என் கடை.

இந்தப் பெட்டிகளில் முதலில் கெடுவது சின்ன டிரான்சிஸ்டர்கள். பட்டாணி அளவு உடம்பு, மூன்று கால். வருகிற பொடிச் சத்தத்தை முதலில் வாங்கிப் பெரிதாக்குவது இவைதான். இவை கெட்டால் பாட்டோடு சேர்த்து இரைச்சலும் பெரிதாகும். கால் வெள்ளிப் பூச்சு. பம்பாய்க் காற்றில் வெள்ளி கறுத்துவிடும். கறுத்த காலைச் சந்தேகப்படு என்று தொழிலில் சொல்வோம். ஐம்பது வருஷம் ஆன பெட்டியில் எல்லாக் காலும் கறுப்புதான். அதில் எது இரைகிறது?

எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டியதுதானே என்பார்கள். மாற்றலாம். போடுவதற்கு நல்லது கிடைக்க வேண்டும். அந்த நம்பர் டிரான்சிஸ்டரை இப்போது யாரும் செய்வதில்லை. மார்க்கெட்டில் கிடைப்பதில் பாதி, வேறு நம்பரை அழித்துவிட்டு மேலே எழுதியது. ஸ்பிரிட் பஞ்சால் தலையைத் தேய்த்தால் எழுத்து பஞ்சோடு வந்துவிடும். நல்லதைக் கழற்றிவிட்டு அதைப் போடுகிறவன் மெக்கானிக் இல்லை. இரைகிறதை மட்டும்தான் கழற்ற வேண்டும். அதற்குக் காது வேண்டும்.

எனக்கு அந்தக் காது கிடையாது. இரைச்சல் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். எங்கிருந்து என்று தெரியாது. கைக்குத்தான் வேலை தெரியும்.

கடுகு, வண்டு, மணல்

கல்யாணமாகி வந்த புதிது. கீழே கடை, மேலே கோலி. கோலி என்றால் ஒற்றை அறை. நடுவில் இரும்பு ஏணி. நான் ஒரு பெட்டியோடு மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மேலேயிருந்து இசக்கி சத்தம் கொடுத்தாள்.

"ஏங்க, கீழ அடுப்புல எதும் வச்சிருக்கீயளா?"

"கீழ ஏதுட்டி அடுப்பு? ஒங்கிட்டதான இருக்கு."

"பொறவு யாரு கடுகு தாளிக்கா?"

யாரும் தாளிக்கவில்லை. பெட்டிதான். ஏணியில் இறங்கி வந்து, மாவுக் கையோடு நின்று கேட்டாள்.

"விட்டு விட்டு வெடிக்கு. எல்லாம் இல்ல, ஒண்ணே ஒண்ணுதான் வெடிக்கு. மத்தது சும்மாதான் கெடக்கு."

பஞ்சில் ஸ்பிரிட் எடுத்து ஒவ்வொன்றாக வைத்தேன். ஸ்பிரிட் காய்கிறபோது டிரான்சிஸ்டர் குளிரும். கெட்டது குளிர்ந்தால் அதன் சத்தம் மாறும். நல்லதற்கு ஒன்றும் ஆகாது. பெரிய கடைகளில் இதற்கென்று ஸ்ப்ரே உண்டு. எங்களுக்குப் பஞ்சு.

நாலாவதில் வைத்ததும் "நின்னுட்டு" என்றாள். கழற்றி மாற்றினேன். நின்றுவிட்டது.

"மூணு நாளா இதுக்கா மண்டய ஒடச்சீய?" என்று கேட்டுவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் காது, என் கை. பெயர்களெல்லாம் அவள் வைத்ததுதான். விட்டு விட்டு வெடித்தால் கடுகு. ஒரே சீராக ம்ம்ம் என்றால் வண்டு. அது டிரான்சிஸ்டர் இல்லை, கண்டென்சர். சல்லடையில் சலிப்பதுபோல் ஓயாமல் கொட்டினால் மணல். மணல்தான் கஷ்டம். மெல்லிய சத்தம். உச்சி ஸ்தாயியில் இருக்கும். பாட்டு நிற்கிற இடத்தில்தான் தெரியும். அதை ஏழெட்டு டிரான்சிஸ்டருக்குள் இதுதான் என்று சொல்ல இந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

எங்கள் பக்கத்துக் கடை டின் கடை. பழைய எண்ணெய் டின்களை வெட்டித் தட்டித் தகடாக்குவார்கள். காலையிலிருந்து டங் டங். எதிரே வரிசையாகத் தையல் மிஷின். அதனால்தான் ஹெட்போன். ஹெட்போன் போட்டவளிடம் பேச முடியாது. அதனால் கை ஜாடை. ஒரு விரல் என்றால் இருக்கு. தாழ்த்திய கை என்றால் போச்சு. இந்த இரண்டை வைத்துக்கொண்டே பல வருஷம் ஓட்டினோம்.

மாட்டுங்காவில் சாமிநாதன் சார் என்று ஒரு வாடிக்கைக்காரர். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். முதல் தடவை வந்தபோது ஹெட்போனோடு இவளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவளா கண்டுபிடிக்கறா? படிச்சிருக்காளோ?"

இசக்கி ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னாள். "அஞ்சாப்பு சார். ஒங்க பொட்டி எத்தனாப்பு?"

சார் சிரித்துவிட்டார். அதன் பிறகு வேறு கடைக்கு அவர் போனதில்லை.

ஊசி

இருமல் வந்தது. டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். போனது. மறுபடி வந்தது. இந்தத் தடவை சாதாரண மருந்துக்கு அடங்காத டி.பி. என்றார்கள்.

எங்கள் சந்தில் இது புதுசு இல்லை. முன்பே இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவர் மருந்தை நடுவில் நிறுத்தினார். அவர் இல்லை.

கை நிறைய மாத்திரை. அதோடு தினமும் ஒரு ஊசி, மாதக்கணக்கில். இடுப்பில் ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். போட்ட இடம் கல்லாகிவிடும். உட்கார முடியாது. பழைய சேலையை நாலாக மடித்துக் கடை ஸ்டூலில் போட்டுவைத்தேன்.

முதல் ஊசி அன்றே நர்ஸ் சொல்லிவிட்டார். மலையாளத்துக்காரர். தமிழ் பேசுவார்.

"இந்த மருந்து செலருக்குக் காதைப் பிடிக்கும். எரைச்சல் கேட்டாலோ, சத்தம் கொறஞ்சாலோ ஒடனே வந்து சொல்லணும். மறைக்கக் கூடாது."

மாதம் ஒரு தடவை காது டெஸ்டும் எழுதிக் கொடுத்தார்கள். அது வேறு கட்டடம். ஒரு நாள் முழுக்க அதற்கே போய்விடும். இசக்கி அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"மிஷினு கெட்டா என் காதுகிட்ட கொண்டாராங்க. என் காத மிஷினுகிட்ட கொண்டுபோவணுமாக்கும்?"

நானும் சிரித்தேன். முதல் மாதம் போகவில்லை. இரண்டாவது மாதமும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அடுத்த மாதம் என்றோம்.

எங்கள் கணக்கு இதுதான்: காதை வைத்துப் பிழைக்கிறவள். காது கொஞ்சம் குறைந்தாலும் முதலில் கடையில்தான் தெரியும். அந்தக் கணக்கில் தப்பு இல்லை. முதலில் கடையில்தான் தெரிந்தது.

மூன்றாவது டிரான்சிஸ்டர்

மூன்றாம் மாதம் சளியில் கிருமி இல்லை, கீழே இறங்கலாம் என்றார் டாக்டர். அதுவரை கோலியிலேயே கிடந்தாள். இறங்குகிறபோது ஏணியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜையை உள்ளங்கையால் துடைத்தாள். தூசி இல்லை. சும்மா துடைத்தாள்.

அன்று மேஜையில் இருந்தது சாமிநாதன் சார் பெட்டி.

"இடது பக்கம் தாங்க முடியலைப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "வீணை இழுத்து நிறுத்தற எடத்துல யாரோ மண்ணை அள்ளிப் போடறாப்பல இருக்கு."

அவருக்கு டி.பி. விஷயம் தெரியாது. யாருக்கும் சொல்லவில்லை. சளி என்றுதான் சொல்லிவைத்திருந்தோம். சொன்னால் அந்த வீட்டுக்குள் என் கை பட்ட பெட்டி போகாது.

பஞ்சு வைத்ததையும் அவள் கை தாழ்ந்ததையும் மேலே எழுதிவிட்டேன்.

அவள் படுக்க மேலே போனதும் வேலையை ஆரம்பித்தேன். அவள் சொன்ன மூன்றாவதைக் கழற்றி வேறு போட்டேன். மணல் நிற்கவில்லை. நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் சொன்னதை மாற்றிப் பார்க்காமல் விட மனசு வரவில்லை. பிறகு எனக்கு இருக்கிற காதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மறுபடி பஞ்சு வைத்தேன். அரை நாள் ஆனது. இரண்டாவது. அதை மாற்றினதும் மணல் நின்றது.

கழற்றின மூன்றாவதைச் சோதித்தேன். நல்லது. பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன்.

அத்தனை வருஷத்தில் அவள் தப்பாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊசி அசதி என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடாமல் உட்கார்ந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. அதை நினைக்கவில்லை.

பெட்டியை வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு சார் மறுநாளே வந்தார். ஏணிக்குக் கீழே நின்று மேலே பார்த்துக் கத்தினார்.

"இசக்கி! காதுன்னா உன் காதுதாண்டீம்மா! மணல் ஒரு பொட்டுக்கூட இல்லை!"

அவள் மேலேயிருந்து தலையை நீட்டினாள். "எது சார் போயிருந்துச்சு? மூணாவதுதான?"

சார் என்னைப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும்?

"மூணாவதுதான்" என்று நான் சொன்னேன்.

அவள் அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள்.

அதன் பிறகு இரண்டு பெட்டி மணலோடு வந்தன. இரண்டிலும் அவள் கையைத் தாழ்த்தினாள். இரண்டிலும் நானும் தாழ்த்தினேன். அவள் மேலே போனதும் நான் தேடினேன். கடுகு வந்த பெட்டியில் மட்டும் சரியாகச் சொன்னாள். கடுகு கேட்கிறதே, பிறகென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் காதுக்கு மணல் கேட்டும் கேட்காமலும் இருந்திருக்கிறது. இருக்கிறது என்று நினைத்த இடத்தில் விரல், இல்லை என்று நினைத்த இடத்தில் கை. இப்போது புரிகிறது. அப்போதும் புரியாமல் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஊசியை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். நிறுத்தினவரைத் தூக்கிக்கொண்டு போனதில் நானும் ஒரு தோள் கொடுத்தவன். காதா உயிரா என்றால் உயிர் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். வேறு மருந்து உண்டா என்று ஒருவரையும் கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை. அது அவள் காது.

இன்னொன்றும் உண்டு. அவள் மேலேயிருந்து இறங்கி வருவதற்கு அந்த ஸ்டூல் ஒன்றுதான் காரணமாக இருந்தது.

டாக்டர் கேட்டது

அந்த மாதம் டாக்டரிடம் காட்டப் போனோம். இந்திக்காரர், நல்ல மனிதர். எடை பார்த்தார். எக்ஸ்ரே பார்த்தார். தேறி வருகிறாள் என்றார். பிறகு காது எப்படி இருக்கிறது, இரைச்சல் ஏதாவது கேட்கிறதா, சத்தம் குறைந்திருக்கிறதா என்று கேட்டாராம்.

நான் அப்போது மாத்திரை ஜன்னல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து அவள்தான் சொன்னாள்.

"காது எப்படின்னாரு. நான் காதுலதான் சோறு திங்கேன் டாக்டர்னேன். சிரிச்சிட்டு எழுதிக்கிட்டாரு."

ஊசி தொடர்ந்தது.

டின் கடை லீவு

மழைக்கு முந்தின மாதம். புழுக்கம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"என்ன, இன்னைக்கு டின்னு கடை லீவா?" என்று கேட்டாள்.

பக்கத்துக் கடையில் நாலு பேர் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். என் மேஜையில் இருந்த திருகாணிகள் அந்த அதிர்வில் நடுங்கிக்கொண்டிருந்தன.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள். திருகாணிகள் நடுங்குவதைப் பார்த்தாள். ஒரு விரலை எடுத்து மேஜையில் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

எழுந்து வாசலுக்குப் போய் டின் கடையை எட்டிப் பார்த்தாள். அங்கே இருந்தவன் சுத்தியலை நிறுத்திவிட்டு "க்யா பாபி?" என்றான், என்ன அண்ணி என்று. அவள் ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டிவிட்டு வந்தாள்.

மீதிப் பூண்டையும் உரித்து முடித்தாள்.

அதற்கு மறுநாள்தான் காது டெஸ்டுக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் அவளை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். அந்த ஜாடையை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டெஸ்ட் எடுக்கிற அம்மா ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினார். இசக்கி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். விரல் மடியிலேயே கிடந்தது. எங்கோ கீழ் ஸ்தாயிச் சத்தத்துக்கு மட்டும் இரண்டு தடவை தூக்கினாள்.

காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் ரயில்வே பாலத்துப் படிக்கட்டு மாதிரி இறங்கிப் போயின.

டாக்டர் அன்றே ஊசியை நிறுத்தினார். வேறு மாத்திரை எழுதினார். ஐந்து நிமிஷ வேலை.

"இது திரும்பி வராது" என்றார் இந்தியில். "இரண்டு மாசம் முன்னால் சொல்லியிருந்தால் அப்போதே மாற்றியிருப்பேன். இவ்வளவு போயிருக்காது. நான் கேட்டேனே?"

ஃபைலைப் புரட்டி எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். காதில் தொந்தரவு இல்லை என்று எழுதியிருந்தது.

இசக்கி அவர் உதட்டையும் என் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதி

ஊசியை நிறுத்தின பிறகும் குறைந்துகொண்டே வந்தது. மழை முடிவதற்குள் கடுகும் போய்விட்டது. இருமலும் போனது. ஆறேழு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் குணமாகிவிட்டது என்று காகிதம் கொடுத்தார்கள்.

அந்த ஊசி இப்போது அநேகமாக இல்லை, எல்லாம் மாத்திரைதான் என்கிறார்கள். நல்லது.

காது மிஷின் வாங்கிப் போட்டோம். ஒரு வாரம் வைத்திருந்தாள். "டின்னு கடைதான் தலைக்குள்ள வந்து ஒக்காருது. ஆளு பேச்சு வரல" என்று கழற்றினாள். அதையும் பவுடர் டப்பாவில்தான் போட்டாள்.

பேசுவாள். குரல் மேடு பள்ளம் இல்லாமல் வரும். சில சமயம் கத்தலாக வரும், சில சமயம் எனக்கே கேட்காது. அவளுக்குத் தெரியாது. அதனால் பேச்சைக் குறைத்துவிட்டாள்.

நான் இப்போது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன். எது இரைகிறது என்று தேடுவதில்லை. நல்லதும் கெட்டதும் சேர்ந்து டப்பாவுக்குப் போகின்றன. அவள் காது போனது சாமிநாதன் சாருக்குத் தெரியும். போன தடவை பெட்டியை வாங்கிக்கொண்டு ஏணியின் உச்சியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அங்கே அவள் இல்லை.

நகக் கீறல்

இசக்கி படிக்க ஆரம்பித்தது காது போன பிறகுதான். ஐந்தாவதோடு விட்ட தமிழ். முதலில் மளிகைப் பொட்டலக் காகிதம், பிறகு இந்தப் பத்திரிகை. இப்போது எனக்கு முன்னால் படித்து முடிக்கிறாள். இந்தத் தொடரில் நான் எழுதுவதை முதலில் படிக்கிறவள் அவள்தான். தப்பு இருந்தால் அந்த வரிக்குக் கீழே நகத்தால் கீறிவைப்பாள். "அந்த வருஷம் மழை இல்ல", "அவரு சட்ட போட மாட்டாரு" என்று சொல்லுவாள். சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இந்த வாரத்துத் தாள்களைக் கையில் கொடுக்க முடியவில்லை. மேஜையில் வைத்து, மேலே சால்டரிங் ஸ்டாண்டைத் தூக்கி வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். அவசரம் இல்லாமல் நடந்தேன்.

திரும்பி வந்தபோது கடைசித் தாளில் இருந்தாள். முடித்துவிட்டு முதல் தாளுக்குப் போனாள். டீ ஆறியது.

"அப்பம் ரெண்டாவதா?" என்று கேட்டாள்.

நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

"நான் மூணாவதுன்னேன்."

தலையாட்டினேன்.

"சாரு ஏணிக்குக் கீழ நின்னு கத்துனாரு. அப்பமும் நீங்க மூணாவதுன்னீய."

தலையாட்டினேன்.

அவள் எழுந்து பவுடர் டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள். கறுத்த கால்கள் ஒரு குவியல், நடுவில் அந்தக் காது மிஷின். அதில் எது அந்த மூன்றாவது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் விரலால் கிளறினாள். மறுபடி எல்லாவற்றையும் அள்ளி டப்பாவில் போட்டு மூடினாள்.

பிறகு தாளைப் புரட்டினாள். ஒரு வரியில் நகத்தை வைத்தாள். அழுத்திக் கீறினாள். தாள் கிழிந்துவிட்டது.

குனிந்து பார்த்தேன். மாத்திரை ஜன்னல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன் என்று எழுதியிருந்த வரி.

"நீங்க வரிசையில நிக்கல" என்றாள். குரல் சீராகத்தான் இருந்தது. "எம் பக்கத்துலதான் நின்னீய. டாக்டரு இரைச்சல் உண்டான்னு கேட்டாரு. நான் காதுலதான் சோறு திங்கேன்னேன். சொல்லிட்டு ஒங்களப் பாத்தேன்."

நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். அவளுக்கு உதடு தெரிய வேண்டும்.

நான் உதட்டை அசைக்கவில்லை.

"டாக்டரும் ஒங்களத்தான் பாத்தாரு" என்றாள். "அத எழுதுங்க."

மேலே உள்ள அந்த வரியை நான் அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும். அது பொய். நடந்தது இது:

நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். அவளுக்கு மணல் கேட்கவில்லை என்று தெரிந்துதான் நின்றேன். டாக்டர் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்க்கிற மாதிரியே என்னைப் பார்த்தாள். டாக்டரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் கையைத் தாழ்த்தினேன்.